கடை பூட்டியிருந்த மூன்று மாதங்கள்

என் நாத்தனார் அமெரிக்காவிலிருந்து வாடகைக் கணக்கு கேட்டது ஒரு ஜனவரியில். பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்திருந்தது. தொண்டூர்ப் பக்கம் நான் வேலை பார்க்கும் பள்ளியிலிருந்து பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து, அவசர அவசரமாகச் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் ஜைனர்கள். பொழுது இறங்கிவிட்டால் எங்கள் வீட்டில் யாரும் சாப்பிட மாட்டோம். இந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த அவளுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் அங்கே விடிந்து அவள் வேலைக்குக் கிளம்புகிற நேரம் இங்கே எங்களுக்குச் சாப்பாட்டு நேரமாக வாய்த்துவிட்டது. என் கணவர் இலையில் உட்கார்ந்தபடியே போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, நைனா கடை வாடகை போன வருஷம் மொத்தம் எவ்ளோ வந்துதுன்னு சொல்லேன். ஜனவரிலேருந்து டிசம்பர் வரைக்கும்."

"மார்ச் முடியட்டும் பாப்பா. ஆடிட்டர்கிட்ட குடுக்கும்போது உனுக்கும் மொத்தமா அனுப்பறேன்."

"மார்ச் இல்லண்ணா. எனுக்கு டிசம்பரோட வேணும். இங்க ஏப்ரல் பாதியில வரி கட்ட கடைசி தேதி. வெளியூர்ல வர்ற வாடகையும் காட்டணும்னு இங்க இருக்கற அக்கவுண்டண்ட் சொல்றாரு."

"பாக்கறேன்" என்று சொல்லிப் போனை வைத்தார். அதற்குப் பிறகு அவர் சாப்பிட்ட மாதிரியே இல்லை. ரசத்தை ஊற்றிக்கொண்டு சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ஜனவரிலேருந்து இன்னாத்துக்குக் கேக்கறா?"

"அங்க வருஷம் ஜனவரில ஆரம்பிக்குதாம். அதான் சொன்னாளே."

"எந்த ஊர்லதான் ஜனவரில வருஷம் ஆரம்பிக்கல? காலண்டர் வேற, வரி வேற. டீச்சர், உனுக்குப் புரியல. கடை காலியா கெடந்த மூணு மாசமும் கணக்குல வரணும்னு பாத்து ஜனவரின்றா."

கோபம் வந்தால் அவர் என்னை டீச்சர் என்பார்.

அந்தக் கடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் நைனா என்று கூப்பிட்ட என் மாமனாருக்கு செஞ்சி பஜாரில் ஒரு கடை சொந்தமாக இருந்தது. பல வருஷமாக ஒரு துணிக்கடைக்காரர் வாடகைக்கு இருந்தார். மாமனார் ஒரு டிசம்பரில் காலமானார். அந்த மாதக் கடைசியிலேயே துணிக்கடைக்காரரும் காலி பண்ணிவிட்டார். மாமியார் முன்பே போய்விட்டதால் கடை அண்ணன், தங்கை இரண்டு பேருக்கும் பாதிப் பாதி என்றாகியது. வாரிசுச் சான்று வாங்கி, கரண்ட் மீட்டரைப் பெயர் மாற்றி முடிப்பதற்குள் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் என்று மூன்று மாதம் ஓடிவிட்டது. ஏப்ரலில் சிங்கவரத்துக்காரர் ஒருவர் செல்போன் ரிப்பேர் கடை வைக்க வந்தார். வாடகை மாதாமாதம் என் கணவரின் பேங்க் கணக்கில் விழும். தன் பங்கை அவரிடமே இருக்கச் சொல்லியிருந்தாள் தங்கை. "வீட்டு வரி, ரிப்பேர்னு எதுனா வரும், வெச்சுக்கோண்ணா" என்று அவளாகத்தான் சொன்னாள்.

அந்த மூன்று மாதமும் கடை சும்மா கிடந்ததில் அவளுக்கு வருத்தம் உண்டு. "மீட்டர் மாத்தறதுக்கா இவ்ளோ நாள்?" என்று அப்போது ஒரு தடவை கேட்டிருந்தாள். ஒரே தடவைதான். ஆனால் என் கணவர் அதை மறக்கவில்லை. அவருக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் உரக்கடை இருக்கிறது, சிங்கவரத்தில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. நாளெல்லாம் அலைகிற ஆள். எங்கேயோ உட்கார்ந்துகொண்டு இவள் கேள்வி கேட்கிறாளே என்று மனசுக்குள் ஒரு முள் தைத்திருந்தது.

எங்கள் வீட்டில் வருஷம் என்றால் ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிவதுதான். மார்ச் போனதும் எனக்குப் பள்ளிக்கூடத்தில் சம்பளச் சான்று தருவார்கள். அவர் கடைக் கணக்கை எடுத்து வைப்பார். ஜூலை முடிவதற்குள் இரண்டு பேரும் ஆடிட்டரிடம் போய் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவிட்டு வருவோம். அவர் உண்மையில் ஆடிட்டர் இல்லை. கணக்கு எழுதித் தாக்கல் செய்து தருகிறவர், ஊரே அப்படிக் கூப்பிடுவதால் நாங்களும் கூப்பிடுகிறோம். ஜனவரியில் தொடங்கும் வரிக் கணக்கு ஒன்று உலகத்தில் இருக்கும் என்று நாங்கள் யோசித்ததே இல்லை.

அவள் பல தடவை கேட்ட பிறகு, மார்ச் மாதத்தில் என் கணவர் ஒற்றை வரியில் அவளுக்கு மெசேஜ் அனுப்பினார். ஒன்பது மாத வாடகை வந்தது, மூன்று மாதம் காலி. அவ்வளவுதான். அவள் மாதவாரியாக பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்டாள். "என் கணக்கை அவளுக்கு ஏன் காட்டணும்? என் கடை வரவு செலவெல்லாம் அதுலதான் இருக்குது" என்று இவர் அனுப்பவில்லை. ஏப்ரல் வந்தது. இனிமேல் தொல்லை இல்லை, கடைசித் தேதி போய்விட்டது என்று நினைத்தோம். அப்போது அவளிடமிருந்து மெசேஜ் வந்தது. அக்டோபர் வரைக்கும் தவணை வாங்கிவிட்டாளாம். ஸ்டேட்மெண்டோடு, இங்கே நாங்கள் வரி கட்டிய தாளும் வேண்டுமாம்.

"பாத்தியா" என்றார் என் கணவர். "ஏப்ரல் ஏப்ரல்னு உசுர வாங்கினா. இப்ப அக்டோபராம். கடைசி தேதின்னா ஒண்ணுதான் இருக்கும். ரெண்டு இருந்தா அது இன்னா கடைசி தேதி?"

எனக்கும் அது சரியாகப் படவில்லை. இல்லை என்று சொல்லமாட்டேன்.

அந்த வருஷம் பார்த்து எங்கள் ஊரிலும் தேதியைத் தள்ளிப் போட்டார்கள். ஜூலை வரை என்று இருந்ததை செப்டம்பர் வரை ஆக்கிவிட்டதாக ஆடிட்டர் சொன்னார். நான்தான் அதை நாத்தனாரிடம் போனில் சொன்னேன்.

"அண்ணி, அண்ணன் வருஷா வருஷம் ஜூலைன்னுதானே சொல்வாரு?"

"ஆமா. இந்த வருஷம் மட்டும் தள்ளிட்டாங்களாம்."

"சரி" என்றாள். அந்தச் சரியில் நம்பிக்கை இல்லை. அவள் தேதி தள்ளிப்போனதும் இவருக்கு எப்படி இருந்ததோ, இவர் தேதி தள்ளிப்போனதும் அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

இதற்கு நடுவில் ஜூலையில் எங்கள் செஞ்சிக் கோட்டைக்கு உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டம் வந்தது. பஜாரில் வெடி வெடித்தார்கள். டீக்கடையில் பேச்செல்லாம் இடத்து விலையைப் பற்றியே இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள், ஓட்டல்கள் வரும், பஜாரில் ஒரு சதுர அடிகூடக் கிடைக்காது என்றார்கள். என் கணவர் கடையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"இப்பப் புரியுது. கடைய விக்கச் சொல்லப் போறா. நான் வாடகைய ஒழுங்கா காட்டலன்னு முன்னாடியே ஒரு பேப்பர் ரெடி பண்ணிக்கறா."

"அவ ஜனவரிலயே கேட்டா. கோட்டைக்கு இப்பத்தானே பட்டம் வந்துது?"

"அங்க இருக்கறவங்களுக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியும்."

மறுநாள் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய் அந்தக் கடைக்கு வில்லங்கம் எடுத்துப் பார்த்தார். தங்கை யாருக்காவது பவர் எழுதிக் கொடுத்திருக்கிறாளா, ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று. ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது அவருக்கு இன்னும் சந்தேகத்தைத்தான் கொடுத்தது. "இனிமேதான் பண்ணப் போறா" என்றார்.

ஆகஸ்டில் கணக்கைத் தாக்கல் செய்தோம். ஆடிட்டர் கொடுத்த கணக்குத் தாளை நான் போட்டோ எடுத்து நாத்தனாருக்கு அனுப்பினேன். இவர் அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை, அனுப்பு என்றும் சொல்லவில்லை. அனுப்பிய மறுநாளே அவள் கூப்பிட்டாள். நேராக என்னிடம்.

"அண்ணி, இதுல பன்னண்டு மாச வாடகைல பாதின்னு போட்டிருக்குது. எனுக்கு அண்ணன் ஒம்போது மாசம்னுதானே சொன்னாரு?"

நான் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டுதான்.

"மேல பாருங்க, வருஷம் இரண்டாயிரத்து இருபத்தஞ்சு இருபத்தாறுன்னு போட்டிருக்குது. அந்த வருஷம் இன்னும் முடியவே இல்லியே. முடியாத வருஷத்துக்கு எப்டி பன்னண்டு மாசம் வாடகை வந்துது?"

வருஷா வருஷம் கையெழுத்துப் போடுகிற தாள். எல்லா வருஷமும் அதில் அடுத்த வருஷத்தின் பெயர்தான் அச்சாகி வரும் என்பது எனக்குத் தெரியும். சம்பாதித்தது ஒரு வருஷம், அதை மதிப்பிடுவது அடுத்த வருஷம் என்று ஆடிட்டர் எப்போதோ சொல்லியிருக்கிறார். ஆனால் அவள் கேட்ட விதத்தில், நான் ஏதோ தப்பான தாளை அனுப்பி மாட்டிக்கொண்ட மாதிரி தோன்றியது. "உங்க அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்றேம்மா" என்று வைத்துவிட்டேன்.

நிதானமாக உட்கார்ந்து மாதங்களை எண்ணியிருந்தால் அன்றைக்கே எல்லாம் விளங்கியிருக்கும். வீட்டில் யாரும் நிதானத்தில் இல்லை.

அடுத்த வாரம் என் போனில் சார்ஜ் ஏறவில்லை என்று கடைக்குப் போனேன். எங்கள் வாடகைதாரர் போனைப் பிரித்துக்கொண்டே சொன்னார்.

"அக்கா, உங்க நாத்தனார் எனுக்கு போன் பண்ணாங்க."

"உனக்கா? எதுக்கு?"

"கடைக்கு நான் எப்ப வந்தேன், வாடகை எப்பலேருந்து தர்றேன்னு கேட்டாங்க. ஏப்ரல்லேருந்துன்னு சொன்னேன். அதுக்கு முன்ன யாராச்சும் இருந்தாங்களான்னு கேட்டாங்க. அது எனுக்கு இன்னாக்கா தெரியும்? கடைய கழுவி வுடறதுக்கே பெரும்பாடு ஆயிடுச்சி, அதான் சொன்னேன்."

"எதுக்குக் கழுவணும்? காலி கடைதானே?"

"ஒரே யூரியா வாடைக்கா. தரையெல்லாம் வெள்ளையா கொட்டிக் கெடந்துது. அவங்ககிட்டயும் இதத்தான் சொன்னேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். குனிந்து ஸ்க்ரூவைக் கழற்ற ஆரம்பித்தார்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். அதுவரை நான் நாத்தனாரைத்தான் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது திரும்பிப் பார்த்தால் என் பக்கத்திலேயே ஒருவர் இருந்தார். கடையில் உரம் இருந்திருக்கிறது. யாருடைய உரம்? இவருடையதா, வேறு யாராவது வியாபாரிக்குக் கிடங்காக விட்டிருந்தாரா? விட்டிருந்தால் சும்மாவா விட்டிருப்பார்? அந்த மார்ச் மாதத்தில்தான் சிங்கவரம் நிலத்துக்குப் புது மோட்டார் வாங்கிப் போட்டார். பணம் எங்கிருந்து வந்தது என்று அப்போது நான் கேட்கவில்லை. உரக்கடையில் வந்திருக்கும் என்று இருந்துவிட்டேன். இப்போது ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. ஒரு நாள் அந்தக் கடை ஷட்டர் பாதி திறந்திருந்ததை பஸ்ஸிலிருந்து பார்த்த மாதிரிகூட இருந்தது. உண்மையில் பார்த்தேனா, சந்தேகம் வந்த பிறகு பார்த்ததாக நினைத்துக்கொண்டேனா, இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

சாப்பாடு முடிந்ததும் கேட்டேன்.

"அந்த மூணு மாசம் நைனா கடைல இன்னா இருந்துது?"

"இன்னா இருக்கும்? எலி இருந்துது."

சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பு சற்றுச் சீக்கிரமாக வந்துவிட்டது. நான் மேற்கொண்டு கேட்கவில்லை. வாடகைதாரர் சொன்னதையும் சொல்லவில்லை. யூரியா வாடைச் சேதி அவருடைய தங்கையின் காதுக்கும் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும், என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபரில், அவளுடைய தவணை முடிவதற்கு முன்னால், நாத்தனார் நேரிலேயே வந்துவிட்டாள். சென்னையில் அவள் வீட்டுக்காரர் பக்கம் ஒரு கல்யாணம். அதை முடித்துக்கொண்டு கார் வைத்துக்கொண்டு செஞ்சிக்கு வந்தாள். எனக்கு ஆயுத பூஜையை ஒட்டிய லீவு. வந்த அன்றைக்கு யாரும் கணக்கைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அண்ணனுக்கு வாட்ச், எனக்குக் கைப்பை கொண்டு வந்திருந்தாள். இவர் அவளுக்குப் பிடிக்கும் என்று சிங்கவரத்திலிருந்து பச்சை மல்லாட்டை, வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், பறித்து வந்து, என்னிடம் கொடுத்து வேகவைக்கச் சொன்னார். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து உரித்துத் தின்றார்கள். பார்த்தால் இவர்களுக்குள் ஒன்றும் இல்லை என்றுதான் யாரும் சொல்வார்கள். ஆனால் இவர் தன் போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தார். அவள் தன் கைப்பையை மடியிலேயே வைத்திருந்தாள்.

மறுநாள் காலையில் ஹாலில் உட்கார்ந்துதான் பேச்சு வந்தது. அவள்தான் ஆரம்பித்தாள்.

"அண்ணா, நான் சண்டை போட வரல. எனுக்குப் புரியல, அவ்ளோதான். போன வருஷம் ஒம்போது மாசம்தான் வாடகை வந்துதுன்ன. கவர்மெண்டுக்குப் பன்னண்டு மாசம்னு எழுதியிருக்க."

"பன்னண்டு மாசம் வந்துது. எழுதினேன். வந்தத மறைக்கச் சொல்றியா?"

"அப்ப எனுக்கு ஏன் ஒம்போதுன்னு சொன்ன?"

"நீ கேட்டதுக்கு ஒம்போது."

"நான் கேட்டா ஒம்போது, அவங்க கேட்டா பன்னண்டா? ஆளுக்கு ஒரு கணக்கா?"

"பாப்பா, வார்த்தைய அளந்து பேசு. போன வருஷம் கடை ஒரு நாள்கூட காலியா இல்ல. காலியா இருந்தது அதுக்கு முந்தின வருஷம்."

"எப்டிண்ணா முந்தின வருஷம்? நைனா போனது முந்தின வருஷம் டிசம்பர்ல. அவரு போன பிறகுதானே துணிக்கடை காலியாச்சி? ஜனவரி, பிப்ரவரி, மார்ச் எல்லாம் போன வருஷம்தானே?"

"ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூணும் முந்தின வருஷத்துல சேரும்."

"நைனா உசுரோட இருந்த வருஷத்துலயா சேரும்?"

"ஆமா. அதுலதான் சேரும்!"

இரண்டு பேர் குரலும் ஏறிவிட்டது. நான் இவர்கள் சொன்ன மாதங்களைக் கேட்டுக்கொண்டே சமையலறை வாசலில் நின்றிருந்தேன். இருவரும் ஒரே வார்த்தையைத்தான் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். போன வருஷம், போன வருஷம். எனக்கு அப்போதுதான் சட்டென்று உறைத்தது.

"கொஞ்சம் இருங்க ரெண்டு பேரும்" என்று நடுவில் போய் நின்றேன். "உன் போன வருஷம் ஜனவரில ஆரம்பிச்சு டிசம்பர்ல முடிஞ்சு போச்சு. இவரோட போன வருஷம் அந்த ஏப்ரல்லதான் ஆரம்பிக்குது, அடுத்த மார்ச்லதான் முடியுது. காலியா இருந்த மூணு மாசம் உன் வருஷத்துக்குள்ள இருக்குது. இவர் வருஷத்துக்குள்ள இல்ல. அதுக்குப் பதிலா அடுத்த வருஷத்து ஜனவரி, பிப்ரவரி, மார்ச் வாடகை இவர் கணக்குல வந்திருக்குது. உனக்கு ஒம்பதுன்னதும் சரி. அங்க பன்னண்டு எழுதினதும் சரி."

அவள் விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள். ஒரு தடவை எண்ணிவிட்டு மறுபடியும் எண்ணினாள். பிறகு அந்தத் தாளைப் பற்றிக் கேட்டாள். அதில் அடுத்த வருஷத்தின் பெயர் அச்சாவதையும் சொன்னேன்.

"அடச்சே" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். "இதுக்காண்ணா ஒரு வருஷமா தூக்கம் இல்லாம கெடந்தேன்?"

"நான் மட்டும் தூங்கினேனா? நீ கடைய விக்கறதுக்கு ஏற்பாடு பண்றன்னு நெனைச்சி வில்லங்கம் எடுத்துப் பாத்தேன்."

அவள் அவரையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"நானும் பாத்தேண்ணா. அங்கேருந்தே ஆன்லைன்ல எடுத்தேன். நீ யாருக்காச்சும் அடமானம் வெச்சிட்டியோன்னு."

இவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா விட்டுப்போன ஒரே கடைக்கு அண்ணன் ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமும் உட்கார்ந்து வில்லங்கம் பார்த்திருக்கிறார்கள். நான் காபி போட உள்ளே போனேன். மனசு லேசாகத்தான் இருந்தது. டம்ளர்களோடு திரும்பி வந்தபோது அவள் குரல் தணிந்திருந்தது.

"அப்ப அந்த மூணு மாசம் கடை நெசமாவே காலியாதான் இருந்துதாண்ணா?"

"பூட்டித்தான் கெடந்துது" என்றார் இவர்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். நான் டம்ளரை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு கல்யாணத்தில் பார்த்த சொந்தக்காரர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். அவள் கேட்டது தெரியாமல் கேட்ட கேள்வி இல்லை. எனக்கு அது தெரிந்தது. என் கணவர் நிம்மதியாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

"கடைல யூரியா வாடை அடிச்சுதாம். மொபைல் கடைக்காரர் சொன்னார். அவகிட்டயும் சொல்லியிருக்கிறார்."

கையிலிருந்த சொம்பைக் கீழே வைத்தார்.

"லாரி முன்னாடியே வந்துடுச்சி. நம்ம உரக்கடையில எடம் இல்ல. மூட்டைய எங்க போடறது? நைனா கடை சும்மாதானே கெடந்துது, போட்டேன்."

"நம்ம மூட்டையா? வேற யாருதாச்சுமா?"

"நம்ம மூட்டைதான். இன்னா, யாருக்காச்சும் வாடகைக்கு வுட்டுட்டு அமுக்கிட்டேன்னு நெனைச்சியா?"

நான் துளசிச் செடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. முகம் கறுத்துப் போயிற்று.

"மோட்டார் வாங்கின பணம்?" என்று அதையும் கேட்டுவிட்டேன். இனி மறைத்து வைத்து என்ன ஆகப் போகிறது என்று தோன்றியது.

"சொசைட்டி லோன். உனுக்குச் சொன்னா வட்டி வட்டின்னு கத்துவ. அதான் சொல்லல."

"வேற எடத்துல குடோன் எடுத்திருந்தா வாடகை குடுத்திருப்பீங்கதானே?"

"எங்கப்பன் கடைக்கு நானே வாடகை குடுக்கணுமா?"

"அவளுக்கும் அவர்தான் அப்பா."

அவர் சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சாப்பிடவும் வரவில்லை. தங்கை வந்து கேட்டதற்கு வயிறு சரியில்லை என்றார்.

மறுநாள் காலையில் கார் வாசலில் நின்றது. பெட்டிகளை ஏற்றியாகிவிட்டது. அவள் என்னைக் கட்டிக்கொண்டு விடைபெற்றாள். அண்ணனிடம் போனபோது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பாப்பா, அந்த மூணு மாசம் கடைல நம்ம உர மூட்டை போட்டிருந்தேன். உன்கிட்ட சொல்லியிருக்கணும்."

"தெரியும்ணா."

"தெரியுமா?"

"ஆகஸ்ட்லயே தெரியும்."

"அப்புறம் ஏன் நேத்து கேட்ட?"

"நீயே சொல்றியான்னு பாக்கத்தான்."

அவர் முகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. திருட்டுப் பட்டம் கட்டியிருந்தால்கூட அப்படிக் கலங்கியிருக்க மாட்டார். சொந்தத் தங்கை தன்னை உட்கார வைத்துச் சோதித்துப் பார்த்துவிட்டாளே என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவளுக்கோ, அத்தனை சிரிப்புச் சிரித்த பிறகும் அண்ணன் தன் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாரே என்பது. இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் இருந்தது, இரண்டு பேரும் துடைக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார். "போய்ட்டு போன் பண்ணு" என்றார் இவர். "சரிண்ணா" என்று ஏறிக்கொண்டாள்.

அவள் தவணை முடிவதற்குள் கணக்கை அனுப்பிவிட்டதாக எனக்கு மெசேஜ் போட்டாள். அண்ணனுக்குப் போடவில்லை. இவரும் கேட்கவில்லை. அந்த மாதமே இவர் பேங்க் ஸ்டேட்மெண்டை எடுத்து, உரக்கடை வரவு செலவெல்லாம் தெரியத் தெரிய, அப்படியே அவளுக்கு அனுப்பி வைத்தார். இனிமேல் வாடகைக்கு என்று தனியாக ஒரு கணக்குத் தொடங்கிவிடலாம் என்று நான் சொன்னேன். மறுபேச்சுப் பேசாமல் வந்து கையெழுத்துப் போட்டார். வருஷத்தில் இரண்டு தடவை கணக்கு எடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. டிசம்பர் முடிந்ததும் அவளுக்கு, மார்ச் முடிந்ததும் இவருக்கு.

ஜனவரியில் அவள் கூப்பிட்டாள். கணக்கு கேட்கத்தான் என்று நினைத்து எடுத்தேன்.

"அண்ணி, என் பேர்ல அங்க இருக்கற பேங்க் கணக்குல அக்டோபர் கடைசியில ஒரு பணம் விழுந்திருக்குது. அண்ணன் பேருதான் காட்டுது. இன்னா பணம் அது?"

"எனக்குத் தெரியாதேம்மா."

"எதுனா எழுதி வாங்கப் போறாரா? கடைய அவர் பேருக்கே மாத்திக்கறதுக்கு அட்வான்ஸா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளைச் சொல்லி என்ன, கேட்டதும் எனக்கும் முதலில் அதுதான் தோன்றியது. பேசாமல் போனை ஸ்பீக்கரில் போட்டுக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன்.

"வாடகைதான் பாப்பா. உன் பங்கு."

"எந்த மாசத்து வாடகை?"

"உர மூட்டை போட்டிருந்தேனே, அந்த மூணு மாசத்துது."



"சொல்லிட்டுப் போட்டிருக்கலாமேண்ணா."

"சொன்னா வாங்கிக்க மாட்ட."

"சரி. இத நான் எந்த வருஷத்துல காட்டணும்? கடைல மூட்டை இருந்த வருஷத்துலயா, பணம் வந்த வருஷத்துலயா?"

"உன் கைக்கு எப்ப வந்துதோ அந்த வருஷத்துல காட்டினா போதும்னாரு நம்ம ஆடிட்டர். எதுக்கும் அங்க உன் ஆளையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோ."

அவர் ஆடிட்டரிடம் போனது எனக்கு அப்போதுதான் தெரியும். எந்த நாள் போனார், என்னவென்று சொல்லிக் கேட்டார், என்னிடம் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று வரிசையாகக் கேள்விகள் வந்தன. அண்ணனும் தங்கையும் சிங்கவரம் நிலத்து மல்லாட்டையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார்கள். நான் ஒன்றும் கேட்காமல் அடுப்படிக்குப் போனேன்.